ஃபோர்டு மாடல் ஏ தானுந்தில் கிளட்ச் பொருத்துதல்

ஃபோர்டு மாடல் ஏ என்பது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1927 இறுதியில் அறிமுகப்படுத்திய தானுந்து ஆகும். இதற்கு முந்தைய மாடல் டி வண்டியின் கோள்வகைப் பல்லிணை அமைப்புக்குப் பதிலாக, இதில் தனிக் கிளட்சும் மூன்று வேகக் கியர்ப்பெட்டியும் இடம்பெற்றன. தொடக்க வண்டிகளில் பல தட்டுக் கிளட்ச் இருந்தது. 1928 இன் பிற்பகுதியில் ஒற்றை உலர்தட்டுக் கிளட்ச் புகுத்தப்பட்டது. இக்கட்டுரை இரண்டாவது வகையைப் புதுப்பிக்கும் முறையை விளக்குகிறது.

செயற்பாடு

எஞ்சினுடன் சுழலும் பிளைவீலுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையே உராய்வுத் தட்டு அமைந்துள்ளது. சுருள்விற்கள் இம்மூன்றையும் இறுக்கிப் பிடிப்பதால் எஞ்சினின் ஆற்றல் கியர்ப்பெட்டிக்குச் செல்கிறது. மிதியை அழுத்தும்போது விடுவிப்புத் தாங்கி முன்னோக்கி நகர்ந்து, நெம்பு விரல்களைத் தள்ளுகிறது. அழுத்தத் தட்டு பின்வாங்க, உராய்வுத் தட்டு விடுபடுகிறது.

பொருத்தும் முன்

மாடல் ஏ வண்டியில் பின்னச்சுக்குச் செல்லும் தண்டு ஒரு குழாயினுள் மூடப்பட்டுள்ளது. எனவே கிளட்சை அடைய, பின்னச்சைப் பின்னோக்கி நகர்த்திக் கியர்ப்பெட்டியைக் கழற்ற வேண்டும். அல்லது எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். இவ்வளவு வேலை இருப்பதால், தேய்ந்த உறுப்புகள் அனைத்தையும் ஒரே முறையில் மாற்றிவிடுவது நல்லது.

பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். இதன் தூசு நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகவே தூசைக் காற்றழுத்தத்தால் ஊதவோ பட்டையைத் தேய்க்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

பிளைவீலின் முகத்தில் வெப்பத்தால் ஏற்பட்ட வெடிப்பு, பள்ளம், கோணல் ஆகியவை உள்ளனவா எனச் சோதிக்க வேண்டும். எஞ்சினின் பின்புற முதன்மைத் தாங்கியில் கசியும் எண்ணெயை ஒரு வடிகுழாய் திருப்பி அனுப்புகிறது. அது அடைபட்டிருந்தால் எண்ணெய் கிளட்சை அடைந்து, புதிய தட்டையும் வழுக்கச் செய்யும்.

பொருத்தும் முறை

1. பிளைவீலின் நடுவிலுள்ள சிறு தாங்கியைப் புதிதாக மாற்ற வேண்டும்.
2. உராய்வுத் தட்டின் இரு பக்கங்களும் ஒன்றல்ல. பக்கம் மாறினால் கிளட்ச் சரியாக விடுபடாது.
3. பழைய கியர்ப்பெட்டித் தண்டு ஒன்றைச் செருகித் தட்டை நடுவில் நிறுத்த வேண்டும்.
4. அழுத்தத் தட்டின் மரைகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கினால் உறை வளைந்துவிடும்.
5. நெம்பு விரல்களின் நுனிகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிடில் வண்டி புறப்படும்போது அதிரும்.
6. கியர்ப்பெட்டியைப் பொருத்தும்போது அதன் எடை தட்டின்மீது தொங்கவிடக் கூடாது. தட்டின் நடுப்பகுதி வளையக்கூடும்.

மிதியின் வெற்றசைவு

கிளட்ச் விடுபடத் தொடங்குமுன் மிதி ஏறத்தாழ 1 அங்குலம் (25 மி.மீ.) தடையின்றி அசைய வேண்டும். இது விடுவிப்புத் தாங்கிக்கும் விரல்களுக்கும் இடையிலான சிறு இடைவெளியின் அளவாகும். மிதியை விடுவிப்புக் கையுடன் இணைக்கும் கம்பியின் முள்ளைக் கழற்றி, மரையைத் திருகி, மீண்டும் அளந்து இதைச் சரிசெய்யலாம்.

வெற்றசைவு மிகுந்தால் கிளட்ச் முழுதும் விடுபடாது. மாடல் ஏ கியர்ப்பெட்டியில் ஒத்தியக்க வளையங்கள் இல்லாததால், கியர் மாற்றும்போது பற்கள் உரசும் ஒலி உடனே கேட்கும். வெற்றசைவு குறைந்தால் அத்தகைய எச்சரிக்கை எதுவும் தொடக்கத்தில் கிடைப்பதில்லை. தாங்கி ஓயாமல் சுழன்று தேய்கிறது; விற்களின் பிடி தளர்ந்து தட்டு வழுக்குகிறது; பட்டை கருகுகிறது.

பட்டை தேயத்தேய விரல்களின் நுனிகள் தாங்கியை நோக்கி நகர்வதால், வெற்றசைவு தானாகவே குறைகிறது. எனவே புதிய பட்டை பொருத்தியபின் முதல் சில நூறு கிலோமீட்டர்களில் ஒருமுறையும், அதன்பின் அவ்வப்போதும் அளந்து பார்க்க வேண்டும். ஓட்டும்போது மிதியின்மீது காலை வைத்திருப்பதும் இதே கேட்டை விளைவிக்கும்.