ஒரே கடல், இரண்டு சமோவா

ஒரே கொள்ளைநோய் ஒரு நாட்டைச் சூறையாடிவிட்டு, பக்கத்து நாட்டைத் தொடாமல் போவது ஏன்? எல்லாம் விதி என்று சொல்லிவிட முடியாது. 1918-ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய சளிக்காய்ச்சலின்போது பசிபிக் தீவுகளில் நடந்ததே அதற்குச் சான்று.

அப்போது மேற்கு சமோவா நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்தது. அமெரிக்க சமோவாவை அமெரிக்கக் கடற்படை நிர்வகித்தது. இரண்டிலும் ஒரே இனத்தவர், ஒரே மொழி. இடையே நூறு கிலோமீட்டர்கூடக் கடல் இல்லை.

அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் தேதி, ஆக்லாந்திலிருந்து வந்த ‘தலூன்’ கப்பல் மேற்கு சமோவாவின் ஏப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் நோயாளிகள் இருந்தும் பயணிகள் கரையிறங்க அனுமதிக்கப்பட்டனர். விளைவு? சுமார் 8,500 பேர் மாண்டனர். அதாவது, மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

அமெரிக்க சமோவாவின் ஆளுநர் ஜான் போயரோ, நோய் பரவும் செய்தி அறிந்ததும் வரும் கப்பல்களைத் தனிமைப்படுத்த உத்தரவிட்டார். படகுகள் கள்ளத்தனமாகக் கரை சேராதபடி உள்ளூர் மக்களே காவல் நின்றனர். அங்கு ஒருவர்கூட இந்நோய்க்குப் பலியாகவில்லை.

மேற்கு சமோவாவில் நேர்ந்ததற்காக 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஏப்பியாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். இன்று சமோவா என்றே அழைக்கப்படும் அந்நாடு பழைய பாடத்தை மறக்கவில்லை. 2020-இல் கோவிட்-19 பரவத் தொடங்கியதும் எல்லையை மூடியது. 2022 மார்ச்சில் அங்கு நோய் பரவியபோது, பெரியவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருந்தனர்.

முதல் கப்பல் வரும் நாளில் எடுக்கும் முடிவும், அதற்கு மக்கள் தரும் ஒத்துழைப்புமே உயிர்களைக் காக்கும்.