உயிரணுவுக்குள் ஒரு கத்தரிக்கோல்

பக்கவாதம் தாக்கியவரை விரைந்து மருத்துவமனையில் சேர்க்குமாறு மருத்துவர்கள் வற்புறுத்துவர். அவ்விரைவுக்கான காரணங்களுள் ஒன்று, கால்பெயின் என்னும் நொதி. 1964-இல் கார்டன் குராஃப் இதனை எலியின் மூளையில் இனங்கண்டார்.

செரிமான நொதிகள் புரதங்களைத் துண்டு துண்டாகச் சிதைக்கின்றன. கால்பெயினோ ஓரிரு இடங்களில் மட்டுமே வெட்டிப் புரதத்தின் பணியை மாற்றியமைக்கிறது. உயிரணு இடம்பெயரவும், அதன் சவ்வில் ஏற்பட்ட கிழிசல் செப்பமுறவும் இவ்வெட்டு உதவுகிறது.

இந்நொதியைத் தூண்டுவது கால்சியம். உயிரணுவின் உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு கால்சியச் செறிவு வெளியே நிலவுகிறது. சவ்விலுள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவிட்டு இவ்வேறுபாட்டைக் காக்கின்றன. கால்பாஸ்டாட்டின் என்னும் புரதம் நொதியை நேரடியாகவே அடக்கிவைக்கிறது.

மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டால் ஆற்றல் குன்றுகிறது. கால்சியம் உள்ளே பெருகுகிறது. கட்டவிழ்ந்த கால்பெயின் நரம்பணுவின் உட்சட்டகத்தையே வெட்டத் தொடங்குகிறது.

அவ்வாறாயின் இந்நொதியை அறவே முடக்கிவிடலாமா? மனிதரிடம் கால்பெயின் மரபணுக்கள் 15 உள்ளன. அவற்றுள் தசைக்குரிய மூன்றாம் வகை பழுதுற்றால் இடுப்பு, தோள் தசைகள் படிப்படியாக நலிகின்றன. இவ்வுண்மை 1995-இல் வெளிப்பட்டது.

மிகினும் குறையினும் நோய். ஆகவே, மருந்து தேடுவோர் முன்னுள்ள பணி இந்நொதியை ஒழிப்பதன்று. உரிய இடத்தில், உரிய அளவில் அடக்குவதே.