உயிரணுவினுள் ஓடும் குமிழிகள்

நம் உடலின் உயிரணுக்கள் வெளியிலிருந்து வேண்டிய பொருள்களைத் தம் சவ்வை உட்குழித்துச் சிறு குமிழிகளாக உள்ளிழுத்துக்கொள்கின்றன. கொழுப்பை ஏந்திய துகளும் இரும்பை ஏந்திய புரதமும் இவ்வாறே உட்புகுகின்றன. இக்குமிழிகள் சென்று இணையும் சிற்றறைகளை எண்டோசோம்கள் என்பர். வந்தவற்றைத் தரம் பிரித்து, மீண்டும் பயன்படுவனவற்றைச் சவ்வுக்குத் திருப்பியனுப்புவதும், எஞ்சியவற்றைச் செரிப்பறையாகிய லைசோசோமுக்குச் சேர்ப்பதும் இவற்றின் பணியாகும்.

மின்னணு நுண்ணோக்கி இவற்றின் வடிவைத் தெளிவாகக் காட்டியது. ஆயினும், அதற்கு உயிரணுவைப் பதப்படுத்தி உயிரற்றதாக்க வேண்டியிருந்தது. அசையாத படத்தில் எது முன்னது, எது பின்னது என எங்ஙனம் அறிவது? தொடக்கநிலை எண்டோசோம் தன் சரக்கை வேறோர் அறைக்கு அனுப்புகிறதா, அன்றித் தானே முதிர்ந்து இறுதிநிலை எண்டோசோமாக மாறுகிறதா என்னும் வினா நெடுநாள் நீடித்தது.

விடை காண உதவியது ஒரு ஜெல்லி மீன்! அதிலுள்ள பச்சை ஒளிர் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962இல் அறிவித்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி, அப்புரதத்தின் மரபணு பிற உயிர்களிலும் ஒளிதரும் என மெய்ப்பித்தார். இவ்விருவரும் ரோஜர் சியனும் 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எண்டோசோமின் மேலுள்ள புரதங்களோடு இத்தகைய ஒளிர் புரதங்களை இணைத்தால், உயிருள்ள அணுவிலேயே அதன் ஓட்டத்தைப் படம்பிடிக்கலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மரினோ செரியல் குழுவினர் ராப்5, ராப்7 என்னும் இரு புரதங்களுக்கு வெவ்வேறு நிறமூட்டினர். சிறு எண்டோசோம்கள் அணுவின் ஓரத்திலிருந்து மையம் நோக்கி நகர்ந்து, தம்முள் இணைந்து பெரியனவாயின. பின்னர் அதே எண்டோசோமில் ராப்5 மறைய, ராப்7 அவ்விடத்தைப் பற்றியது. 2005இல் வெளியான இம்முடிவு, முதிர்ச்சிக் கொள்கைக்கு வலுவான சான்றாயிற்று.

எனினும், எச்சரிக்கை தேவை. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கிய இரு குமிழிகள் வழக்கமான ஒளி நுண்ணோக்கிக்கு ஒன்றாகவே தோன்றும். நெருக்கம் வேறு, இணைவு வேறு. உள்ளிருக்கும் பொருள்கள் கலந்தனவா என்று சோதித்த பின்னரே இணைந்தன எனக் கொள்ளல் வேண்டும். ஒளியை மிகுத்தாலோ உயிரணுவே நலிந்துவிடும்.

இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் யாது? இன்ஃபுளுயன்சா நுண்கிருமி எண்டோசோமுக்குள் அமர்ந்தே அணுவினுள் பயணம் செய்கிறது. அங்கே அமிலத்தன்மை மிகும்போது அதன் உறை எண்டோசோமின் சவ்வோடு இணைய, கிருமியின் மரபுப்பொருள் வெளிப்படுகிறது. பகைவன் ஏறும் ஊர்தியையும் இறங்கும் இடத்தையும் அறிந்தாலன்றோ அவனைத் தடுக்கும் வழியை நாம் தேட இயலும்? கண்ணால் கண்டதையும் தீர விசாரித்து மெய் காணும் இப்பண்பே மாணவர் கொள்ளத்தக்கது.