கேட்டைத் தாண்டும் முன்: பழைய காரும் பதினாறு வயதும்

பதினாறு வயதுப் பையன் ஒருவன் பழைய மாருதி 800-ஐ வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டு, எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பது குற்றமல்ல. பத்மநாபபுரத்திலும் தக்கலையிலும் பெற்றோர் பலர் பயப்படுவது கிரீஸ் படிந்த கையையும் கழற்றிப் போட்ட கியர்பாக்ஸையும் பார்த்துத்தான். பயப்பட வேண்டிய நேரம் அது இல்லை. கார் ஸ்டார்ட் ஆன அன்று, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்திட்டு வாறேன்பா" என்று கேட்டைத் திறந்து, கோட்டைச் சுவரை ஒட்டிய தெருவில் இறங்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் பயப்பட வேண்டும். பையனின் பந்தயக் கனவை ஒன்பது வருடம் தள்ளிப்போடவும், அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுக்கவும் அது போதும்.

ஆசை ஒன்றும் அசட்டு ஆசையல்ல. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய நாட்களில், அங்கே ஓடியவற்றில் பல வீட்டிலும் பட்டறையிலும் மாற்றிக் கட்டப்பட்ட கார்கள். கோவை கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைப் பொருத்திச் சின்னப் பந்தயக் கார் கட்டினார். அதுதான் பார்முலா மாருதி. அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த பிறகு, இந்த ஆசை இல்லாத பள்ளிக்கூடமே தமிழ்நாட்டில் இருக்காது.

முதலில் காரை வாங்குவது. நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு. களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று கே.எல். பதிவெண் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த மாநில ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்காமல் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பெயர் மாற்ற முடியாது. இங்கே வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டுக் காரே ஆனாலும், படிவம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைப்பது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் பழைய காரைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சும்மா கொடுத்தீர்கள் என்றாலும் ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை அந்தக் கார் செய்வதெல்லாம் உங்கள் தலையில்.

15 வருடம் தாண்டிய கார் தானாகவே செல்லாததாகிவிடும் என்ற பேச்சு டெல்லிச் செய்தியிலிருந்து வந்தது. இங்கே தனியார் காரின் பதிவை, எஃப்.சி. பார்த்து, கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தால் பதிவு, இன்ஷூரன்ஸ், கடன் அடமானம் எல்லாம் தெரியும். ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் எஞ்சின் மட்டும் வாங்கினாலும் பில் வாங்குங்கள்; எஞ்சின் எண் திருட்டு வண்டியுடையது என்று தெரியவந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் காகிதம்தான். கடைக்காரர் போலி உதிரிபாகத்தைத் தலையில் கட்டினால், பையன் மைனர் என்பதால் அப்பாவோ அம்மாவோ நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். தனிநபரிடம் வாங்கிய காருக்கு இந்த வழி இல்லை, சிவில் கோர்ட்தான்.

இனி சாலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் பொது இடத்தில் கார் ஓட்டக் கூடாது என்கிறது. பொது இடம் என்றால் தார் ரோடு மட்டுமல்ல. மக்களுக்குப் போகவர உரிமையுள்ள எந்த இடமும் பொது இடமே. திருவிழா முடிந்த கோவில் மைதானம், எல்லோரும் நடக்கும் குளத்தங்கரை, ஊர்க்காரர் பயன்படுத்தும் ரப்பர் தோட்டத்து மண் பாதை எல்லாம் இதில் வந்துவிடலாம். சுற்றுச்சுவருக்குள் இருக்கும் சொந்த விளையில் அப்பா பக்கத்தில் இருக்க ஓட்டுவது வேறு. ஆனால் அங்கும் ஒரு முள் இருக்கிறது: பதிவு இல்லாத வாகனத்தைப் பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டக் கூடாது என்கிறது 39-ஆவது பிரிவு. அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே மாற்றிய வண்டிதான் விலக்கு. ஆகவே பதிவு ரத்தான காரைக் கொண்டு வந்து 'சொந்த நிலம்தானே' என்று சட்டம் பேச வேண்டாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் காட்டு வழியில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். அங்கே காப்புக்காடு இருக்கிறது, வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. போலீஸுக்கு முன்னே வனத்துறை வந்து நிற்கும்.

2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும். சிறுவர் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது காரின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். காரின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை எல்.எல்.ஆர்.கூடக் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க வேண்டிய எல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம். சாவி பூஜை அறையில் தொங்கும் வீட்டில் அதை நிரூபிப்பது கஷ்டம்! பட்டறைக்காரரும் விலகிவிட முடியாது: வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் உரிமம் இல்லாதவர் கையில் சாவியைக் கொடுத்தால் 180-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும்.

இந்த 25 வயது விஷயத்தைப் பையன்களிடம் சொல்லிப் பாருங்கள். சிறை, அபராதம் என்றால் "பாத்துக்கிடலாம்" என்பார்கள். ரேலி கார்கள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பொதுச்சாலையில்தான் போகும், உரிமம் இல்லாமல் ரேலியே கிடையாது என்று விளக்கினால் முகம் மாறும். தாளில் இருக்கும் தண்டனைகளில் அவர்களுக்கு உண்மையிலேயே வலிப்பது இதுதான்.

அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் நடக்கும் பந்தயத்தில் கலந்துகொண்டால் 189-ஆவது பிரிவு: முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய், அடுத்த முறை ஒரு வருடம் வரை அல்லது 10,000. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி பார்முலா 4 கார்கள் ஓடினவே என்று கேட்கலாம். அது அரசே முன்னின்று நடத்தியது. அப்போதும் உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. நாற்கரச் சாலையில் விடிகாலை 4 மணிக்கு நண்பர்கள் இருவர் 'சும்மா ஓட்டிப் பார்ப்பது' அந்த வகையல்ல.

காரை மாற்றிக் கட்டுவதிலும் எல்லை உண்டு. ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கும் முரணாக மாற்றக் கூடாது என்பது 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கே. ஜெயச்சந்திரா வழக்கில் இதைக் கறாராக உறுதி செய்தது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சைலன்சரைக் கழற்றிச் சத்தம் கூட்டினால் தனியாக 10,000. பந்தயக் காருக்கோ பின் சீட்டை எடுக்க வேண்டும், ரோல் கேஜ் வைக்க வேண்டும், பக்கெட் சீட் போட வேண்டும். அதாவது, ஒழுங்காகக் கட்டிய பந்தயக் கார் சாலைக்கு உதவாது. சாலைக்கு உதவுகிற கார் பந்தயத்துக்குப் போதாது. எது வேண்டும் என்பதை முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பந்தயம்தான் என்றால் காரை லாரியிலோ ரெக்கவரி வண்டியிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டி இழுத்துப் போவது பழுதான வண்டிக்கான ஏற்பாடு. அப்போதும் பின்னால் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு உரிமம் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்கள் பாலிசித் தாளில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் பார்க்கட்டும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் அதில் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கும். உரிமம் இல்லாதவர் ஓட்டி யாருக்காவது அடிபட்டால், கம்பெனி இழப்பீட்டைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும்படி தீர்ப்பு வருவது வழக்கம். விபத்து தனியார் வளாகத்துக்குள் நடந்தால் கம்பெனி முதலிலேயே கைவிரிக்க இடமுண்டு. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கால் போனால், அந்தக் கடன் வீட்டை விற்றுத்தான் தீரும்.

கொட்டகைக்குள்ளேயும் உயிர் போகும். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு. தாங்கிப் பிடிப்பதற்கு அல்ல. 650 கிலோ எடையுள்ள மாருதியின் அடியில் ஹாலோ பிளாக்கை வைத்துப் படுத்துக்கொள்கிறார்கள். சிமென்ட் கல் விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கிய பிறகுதான் ஸ்பேனரே வாங்க வேண்டும் என்பேன். நம் ஊருக்கு இரண்டு மழைக்காலம். மழை என்று கதவைச் சாத்தி எஞ்சினை ஓட விட்டால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கி மயக்கத்தில் கொண்டு விடும். பெட்ரோல் டேங்கைக் கழற்றும் நாளில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள். வெல்டிங் அன்றைக்கு வேண்டாம். பழைய பிரேக் தூசியில் கல்நார் இருக்கலாம், காற்றடித்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 0814 என்றால் 2014-இன் எட்டாவது வாரம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி வேகம் போகக் கூடாது.

ரோல் கேஜ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு ஜன்னலுக்குக் கிரில் அடிக்கும் பட்டறையில் தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பை வளைத்து வைக்கிறார்கள். பார்க்கப் பந்தயக் கார் மாதிரியே இருக்கும். உருண்டால் வெல்டிங் விட்டு, பைப் முனை ஈட்டியாகி உள்ளே வரும். ஹெல்மெட் இல்லாத தலைக்கு நல்ல கேஜ்கூட எதிரிதான். பைப்பின் தரம், கனம், வளைவு எல்லாவற்றுக்கும் பந்தயக் கூட்டமைப்பின் விதிமுறை இருக்கிறது. அதன்படி செய்ய முடியாவிட்டால் கேஜே வேண்டாம், அந்தக் காரில் பந்தயமும் வேண்டாம்.

நேர்வழி செலவு பிடிக்கும், ஆனால் இருக்கிறது. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற தேசியக் கூட்டமைப்பின் போட்டி உரிமம் பெற்று, அதன் அனுமதியுள்ள போட்டியில் மட்டும் கலந்துகொள்வது. சிறுவர்களுக்குத் தொடக்கம் கார்ட்டிங்தான். குமரியிலிருந்து கோவை ஏறக்குறைய 400 கிலோமீட்டர், இன்னொரு பந்தயத் தளம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை அதைவிட வெகு தூரம். தென் மாவட்டப் பையன்கள் தெருவில் இறங்குவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னத் தளம் இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும். கையில் வேலை கற்க ஆசை என்றால் பத்தாம் வகுப்பு முடித்து நாகர்கோவில் கோணம் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடத்தில் சேரலாம். உள்ளூரில் யாராவது 'ஆட்டோகிராஸ்' என்று நோட்டீஸ் அடித்தால், கூட்டமைப்பின் அனுமதி எண், ஆம்புலன்ஸ், போட்டியாளர் இன்ஷூரன்ஸ் மூன்றையும் கேளுங்கள். பெற்றோரிடம் வாங்கும் 'எங்கள் பொறுப்பு' பத்திரம், நடத்துபவரின் அலட்சியத்தால் உயிர் போனால் வரும் கிரிமினல் வழக்கைத் தடுக்காது. எல்லாம் முறையாக இருந்தும் ஆபத்து முழுக்க நீங்குவதில்லை: 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியக் கார் பந்தயத்தில் அனுபவசாலியான கே.இ. குமார் இறந்தார், அதே ஆகஸ்டில் அதே தளத்தில், பைக் பந்தயத்தில், 13 வயதுச் சிறுவன் இறந்தான்.

தப்பு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டவருக்கு முதலில் 108. தூக்கிக்கொண்டு போனவரை போலீஸ் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. சாலை விபத்தென்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தக்கலை அல்லது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் அதைக் கேட்டு வாங்குங்கள். பாதிக்கப்பட்டவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடு.

ஓட்டிய சிறுவனுக்கும் உரிமைகள் உண்டு. லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு கூடாது, பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெயரையும் படத்தையும் யாரும் வெளியிடக் கூடாது, வாட்ஸப் குழுவிலும்தான். வக்கீல் வைக்கப் பணமில்லை என்பது தடையல்ல: குழந்தைகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம், நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். வழக்குச் சொத்தாகப் பிடித்த காரை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விட வேண்டியதில்லை. வாகனங்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆர்.சி. பெயர்க்காரர், புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 497-ஆவது பிரிவில் பத்மநாபபுரம் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, பிணைப்பத்திரம் எழுதி, இடைக்காலமாகக் காரை மீட்கலாம். மனுவோடு ஆர்.சி., இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை நகல்கள் வேண்டும். பெயர் மாற்றாமல் வைத்திருந்தவர்கள், காரை விற்ற பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துத்தான் மனுப் போட வேண்டியிருக்கும்.