சுண்டிப் பார்த்தால் சொல்லும் இறக்கை
ஃபைபர் கிளைடரை ஒருவர் தன் ஷெட்டிலேயே கட்ட முடியுமா?

பேருந்தின் முகப்பு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, கோவளம் கரையில் கவிழ்த்து வைத்த மீன்பிடிப் படகு என்று ஃபைபர் இல்லாத இடம் நம் பக்கம் இல்லை. அதே கண்ணாடி இழையால்தான் எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடரையும் செய்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனிநபர்கள் பல ஆண்டுகளாக வீட்டுக் கொட்டகையில் கிளைடர் கட்டிவருகிறார்கள். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையில் ஷெட் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த ஆசை வந்தால் என்னவெல்லாம் தேவைப்படும்?

ஆசை புதிதல்ல

1909இல் பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். மறு ஆண்டே, சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த விமானம் ஒன்றைக் கோச்சு வண்டி கட்டும் சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு செய்வித்து, பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். மரமும் துணியும் அறிந்த வண்டிப் பட்டறைக் கைகளே அந்த விமானத்தைக் கட்டின.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய விமானப் போக்குவரத்துத் துறையே கிளைடர்களை வடிவமைத்தது. அவற்றுக்கு வைத்த பெயர்கள் பஞ்சாங்க வரிசை: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர்ஷ், ஆர்த்ரா. ஆர்த்ரா நம் திருவாதிரை. அது பறந்தது 1979இல். அப்போதும் மரமே பிரதானம். ஜெர்மனியிலோ, கண்ணாடி இழையில் ஆன முதல் கிளைடரான ஃபீனிக்ஸ் 1957 நவம்பரிலேயே பறந்துவிட்டது.

ஏன் ஃபைபர்?

இறக்கையின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் காற்றின் இழுவை குறையும். மரத்திலும் தகரத்திலும் வராத அந்த வழவழப்பு அச்சில் வார்த்த ஃபைபரில் வரும். இன்றைய நல்ல கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரம் இழப்பதற்குள் 40 கிலோமீட்டர் முன்னேறும். படப்பைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால், காற்று அசையாத நாளில் காஞ்சிபுரம் வரை சறுக்கிப் போய்விடலாம்.

அச்சு செய்யப் பணமும் இடமும் வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க அமெரிக்கர் பர்ட் ரூட்டான் எளிய வழி ஒன்றைப் பரப்பினார். சூடேற்றிய கம்பியால் ஃபோம் கட்டியை இறக்கை வடிவத்துக்கு அறுத்து, அதன்மேல் கண்ணாடித் துணியை எபாக்சி ரெசினால் ஒட்டுவது. 1982இல் வந்த அவரது ‘சாலிட்டேர்’ வீட்டில் கட்டுவதற்கென்றே வரைந்த கிளைடர். அவரது ‘லாங் ஈஸி’ வடிவமைப்பைக் கொண்டு 1980களில் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகமும் ஓர் ஆராய்ச்சி விமானம் கட்டியது. 1993இல் பறந்த ‘ஹன்சா’ பயிற்சி விமானத்துக்கு முன் அவர்கள் ஃபைபரில் கை பழகியது அதில்தான்.

படகுப் பட்டறைப் பழக்கம் ஆபத்து

அலுமினியத் தகடு ஆலையில் சோதிக்கப்பட்டு வருகிறது. கட்டுபவர் அதை வெட்டிப் பொருத்துகிறார். ஃபைபரில் அப்படி இல்லை. துணியும் ரெசினும் சேர்ந்து இறுகும் அந்த நேரத்தில்தான் பொருளே உருவாகிறது. கட்டுபவரே ஆலை.

படகுக்குப் போடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். மழை வரும்போலிருந்தால், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டைச் சற்றுக் கூட்டி வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம். எபாக்சியில் இந்தக் கைக்கணக்கு செல்லாது. அதில் ஹார்டனர் ரெசினோடு கலந்து பொருளின் பாகமாகவே ஆகிறது. அளவு கூடினாலும் குறைந்தாலும் பலம் போய்விடும், அது கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கலவையையும் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும்.

இழையின் திசையும் முக்கியம். படகில் தாறுமாறாகச் சிதறிய இழைகளாலான மேட் போதும். பறக்கும்போது கிளைடர் இறக்கை மேல்நோக்கி வளையும்; மேல்பக்கம் அழுந்தும், கீழ்பக்கம் இழுபடும். அங்கே இழைகள் இறக்கையின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும்.

அடுத்தது நம் வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவை இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். மே மாத மதியத்தில் டப்பாவிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். ஈரக்காற்று பட்டால் மேலே மெழுகுப் படலம் படியும்; அதன்மேல் அடுத்த அடுக்கு ஒட்டாது. இறுகிய எபாக்சியும் சூடேறினால் தளரும். ஜெர்மானிய ஃபைபர் கிளைடர்களின் கட்டமைப்பு 54 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிடப்படுகிறது. வெயிலில் நிற்கும் இறக்கை அதைத் தாண்டாதிருக்கத்தான் பெரும்பாலான கிளைடர்களுக்கு வெள்ளை பூசுகிறார்கள்.

ஒட்டியது சரிதானா?

பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதுபோல, ஃபைபர் இறக்கையை நாணயத்தால் தட்டிப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் மொத்தென்று கேட்கும். ஆனால் தப்பான விகிதத்தில் கலந்த ரெசினைச் சத்தம் காட்டிக்கொடுக்காது. எனவே ஒவ்வொரு நாளும் அதே கலவையில் ஒரு சிறு துண்டைத் தனியே வார்த்து, தேதி, எடை, வெப்பநிலை எழுதி வைக்கிறார்கள். பின்னால் சோதிப்பவருக்கு அதுவே சாட்சி.

இறக்கை முடிந்தாலும் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. மும்பையில் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய பைலட் அமோல் யாதவ் அதை 2016இல் கண்காட்சியில் வைத்தார். பதிவு எண் கைக்கு வந்தது 2017 நவம்பரில். மேலும் படப்பைக்குப் பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. இந்த வானத்தில் நினைத்தபோது ஏற முடியாது. பறக்கக் கற்க விரும்புபவர், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) புனே ஹடப்சர் கிளைடிங் மையத்தில் பயிற்சி நடக்கிறதா என்று விசாரிக்கலாம். கட்டத் தொடங்கும் முன் அங்கே போய் வருவது நல்லது.

ஃபைபர் பழகிய கைகள் இன்று ஒரகடம் பக்கமும் கடற்கரையிலும் இருக்கின்றன, அன்று சிம்சன் பட்டறையில் மரம் பழகிய கைகள் இருந்ததைப் போல. அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் ஒரு தராசும், தேதி போட்ட நோட்டும் வந்து சேர வேண்டும்.