உங்களுக்குத் தெரியுமா? எஸ்தர் ராணிக்கு பிராட்வே மெட்டு

யூதர்களின் பூரிம் பண்டிகையன்று அமெரிக்க ஜெப ஆலயங்கள் பலவற்றில் எஸ்தர் ராணியின் கதை ‘ஹாமில்டன்’ போன்ற பிராட்வே இசை நாடகங்களின் மெட்டில் அரங்கேறுகிறது. மெட்டு அதேதான், வரிகள் மட்டும் புதியவை. சில இடங்களில் யூத மதகுருவான ரபியே வேடம் கட்டி ஆடுகிறார்.

• வழக்கம் புதிதல்ல. ‘பூரிம் ஷ்பீல்’ என்ற இந்தக் கேலி நாடகம் ஐரோப்பிய யூதர்களிடையே பல நூற்றாண்டுகளாக உண்டு. எஸ்தர் கதையில் வரும் அகாஸ்வேரு மன்னனைப் பற்றிய இத்திஷ் மொழி நாடகத்தின் கையெழுத்துப்படி ஒன்று 1697-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

• துணிச்சலான மாற்றம் கவிஞர் இட்சிக் மங்கருடையது. 1936-இல் வெளியான அவரது கவிதைகளில் பாரசீக அரண்மனைக் கதை கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் உலகுக்கு இடம் மாறியது. எஸ்தரைக் காதலிக்கும் ஃபாஸ்ட்ரிகோசோ என்ற தையல்கடைப் பையனும் கதைக்குள் நுழைந்தான். விவிலியத்தில் அப்படி ஒருவன் கிடையாது! டோவ் செல்ட்சர் இசையமைக்க, 1965-இல் இஸ்ரேலில் மேடையேறிய இந்தப் படைப்பு 1968-இல் பிராட்வேயையும் எட்டியது.

• யூதர்களின் மற்றொரு பண்டிகையான ஹனுக்காவுக்கும் இதில் பங்கு உண்டு. மக்கபீட்ஸ் என்ற பாடற்குழு 2016-இல் ‘ஹாமில்டன்’ பாணியில் ஹனுக்காவின் பின்னணியான மக்கபேயர் கதையைப் பாடியது. அதன் தலைப்பு ‘ஹாஸ்மோனியன்’.

• பூரிம் நாளில் பார்வையாளர்களும் சும்மா இருப்பதில்லை. எஸ்தர் நூலை வாசிக்கையில் வில்லன் ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை சுழற்றி, காலால் தரையை உதைத்து, அந்தப் பெயரே காதில் விழாதபடி செய்கிறார்கள். இத்தனை கொண்டாட்டத்துக்கும் மூலமான எபிரேய எஸ்தர் நூலில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வெளிப்படையாக வருவதில்லை.