அப்பா விட்டுச் சென்ற நிலத்தில் அந்நியர் கால் வைத்தால்...

ஊரில் சொத்து இருக்கிறது, அண்ணன் தம்பிகள் பார்த்துக் கொள்கிறார்கள் என்று இங்கே நிம்மதியாக இருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஒரு நாள் உறவினர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். "உங்க தம்பி அவரு பங்கை யாருக்கோ கிரயம் பண்ணிட்டாராமே, தெரியுமா?" அதன் பிறகுதான் ஓட்டம் தொடங்குகிறது. நம்மால் என்ன செய்ய முடியும் என்பதையே இன்று பேசப் போகிறோம்.

நாம் மலேசியக் குடிமக்களாக இருந்தாலும், நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதற்குப் பொருந்தும். தஞ்சாவூரிலோ சிவகங்கையிலோ உள்ள நிலத்திற்கு இந்தியச் சட்டம்தான். இந்துக்களுக்கு அது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் அதுவே. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும் வேறு சட்டங்கள் உண்டு.

இந்தச் சட்டத்தின் 22ஆவது பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் அசையாச் சொத்து, முதல் வகுப்பு வாரிசுகள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்குச் சேர்கிறது என்று வைத்துக் கொள்வோம். அவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க முற்பட்டால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு என்கிறது அந்தப் பிரிவு. விலையில் உடன்பாடு வராவிட்டால் நீதிமன்றமே விலையை நிர்ணயிக்கும். நிர்ணயித்த பிறகு, 'இந்த விலைக்கு வேண்டாம்' என்று பின்வாங்குபவர் வழக்குச் செலவை ஏற்க வேண்டும். வாரிசுகளில் இரண்டு மூன்று பேர் போட்டியிட்டால் அதிக விலை தருபவருக்கே பங்கு.

முதல் வகுப்பு வாரிசுகள் என்றால் யார்? மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் முக்கியமானவர்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு 2005இல்தான் சொத்துரிமை வந்தது என்று நம்மவர்கள் பேசிக் கொள்கிறார்கள். அந்த ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. தந்தை தாமே சம்பாதித்த சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956 முதலே இருக்கிறது. கிள்ளானிலோ ஈப்போவிலோ கட்டிக் கொடுக்கப்பட்ட அக்காவை வாரிசுச் சான்றிதழில் விட்டுவிட்டு அண்ணன்மார் பட்டாவை மாற்றிக் கொண்டாலும் அவருடைய உரிமை அழிவதில்லை. 22ஆவது பிரிவின் கீழ் அவரும் கேட்கலாம்.

விவசாய நிலத்திற்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்பதில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. விவசாய நிலம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மத்தியச் சட்டம் அதைத் தொடாது என்று சில தீர்ப்புகள் வந்திருந்தன. இமாச்சலப் பிரதேசத்தில் தந்தை இறந்தபின் இரு சகோதரர்களுக்கு வந்த நிலத்தில் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்றுவிட்டார். மற்றவர் வழக்குப் போட்டார். 2019 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம், விவசாய நிலத்திற்கும் 22ஆவது பிரிவு பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பத்திரம் பதிவாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட வேண்டியதில்லை என்பதும் இந்த வழக்கிலிருந்து தெரிகிறது.

ஆனால் சட்டம் எல்லோருக்கும் கை கொடுக்காது. உயில் இருந்தால் இந்த உரிமை இல்லை. பாகம் பிரித்து அவரவர் பங்கு தனியாகிவிட்ட பிறகு கேட்பது வீண். தாத்தா 1956 ஜூன் 17க்கு முன்பே காலமாகி, அப்போதே சொத்து இறங்கியிருந்தாலும் பொருந்தாது. இங்குள்ள பல குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

காலமும் காத்திருக்காது. முன்னுரிமை கோரும் வழக்குகளுக்கு இந்தியக் காலவரையறைச் சட்டம் தருவது ஓராண்டு மட்டுமே. வாங்கியவர் நிலத்தைக் கைப்பற்றிய நாளிலிருந்து, அப்படிக் கைப்பற்ற முடியாத சொத்து என்றால் பத்திரம் பதிவான நாளிலிருந்து அது எண்ணப்படும். 'பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போட இடமில்லை.

வீட்டைப் பொறுத்தவரை இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், 'நானும் பங்காளி' என்று சொல்லிக் கொண்டு உள்ளே வந்து குடியேற முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவைக் காட்டி, அவருடைய பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு நாமே எடுத்துக் கொள்ளலாம். இதற்கு முதல் வகுப்பு வாரிசு என்ற நிபந்தனை இல்லை, குடும்பத்தில் பங்குள்ளவராக இருந்தால் போதும்.

இது நம் சட்டத்தில் மட்டும் உள்ள சிந்தனை அல்ல. இஸ்லாமியச் சட்டத்தில் 'ஷுஃப்ஆ' என்ற பெயரில் கூட்டுப் பங்காளிக்கு முதலுரிமை உண்டு. வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும் என்கிறது பைபிளின் லேவியராகமம்.

மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் வாழ்ந்த தந்தையின் வயலை வாரிசாகப் பெறுவதில் தடையில்லை. ஆனால் இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தை விலை கொடுத்து வாங்க முடியாது. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வீடு வாங்கலாம், வயல், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. தம்பி விற்கும் வயலை 22ஆவது பிரிவின் கீழ் கேட்பதும் வாங்குவதுதானே! எனவே வயலைப் பொறுத்தவரை, ஊரிலேயே இருக்கும் அக்காவோ அண்ணனோ அம்மாவோ முன்னின்று வழக்குத் தொடுப்பதே நடைமுறையில் வழி. பணத்தை யார் திரட்டுவது, எழுத்து யார் பெயரில் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிக் கொள்ளுங்கள்.

விற்பனை நடந்ததா என்று அறிய ஊருக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையத்தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கலாம். சர்வே எண் தெரியாதவர்கள் அப்பாவின் பழைய பத்திரத்தைத் தேடி எடுங்கள். அதில் நான்கு எல்லைகளோடு அந்த எண்ணும் எழுதப்பட்டிருக்கும்.